சொல்வேட்டை நடத்தியும் சொல்வதெழுதுதலில் அதே பிழைகள்

தொ2_டீச்சர்:

வணக்கம். சிங்கப்பூர்ப் பள்ளி, தொடக்கநிலை 2 (இரண்டாம் வகுப்பு), மொத்தம் 16 பிள்ளைகள். பாதிக்கு மேல் வீட்டில் ஆங்கிலம். வாரத்தில் ஒரு 30 நிமிடப் பாடவேளையைச் சொல்வேட்டைக்கு ஒதுக்க முடிகிறது. ஆங்கில வகுப்பில் ஃபோனிக்ஸுக்கு (ஒலியை எழுத்தோடு சேர்த்துப் படிக்கப் பழக்குவது) செய்வதைப் பார்த்து எடுத்துக்கொண்ட முறைதான். 20 சொல்லட்டைகளைச் சுவரிலும் மேசைக்கடியிலும் ஒட்டிவிடுவது. கையில் ஒரு தாள், அதில் க, ச, த, ப, ம, வ என்று எழுத்துகள். ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் சொல்லைத் தேடிப்பிடித்துத் தாளில் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அடுத்த நாள் சொல்வதெழுதுதலில் பழைய குருடி கதவைத் திறடி. வன்டி, பன்து, மூண்று, பூணை, நறி. மழைக்கு "மலை". குடையைக் "கொடை" என்றே எழுதுகிறார்கள். வேட்டைத் தாளில் சரியாக எழுதிய அதே சொற்கள்!

எப்படி அமைத்தால் எழுத்து மனத்தில் நிற்கும்? எந்தச் சொற்களை எடுப்பது? இன்னொன்று, அறை எங்களுக்கு மட்டும் உரியது இல்லை. மணி அடித்ததும் வேறு வகுப்பு வந்துவிடும். சுவரில் எதையும் விட்டுவைக்க முடியாது.

---

கரும்பலகை:

டீச்சர், உங்கள் பிழைப் பட்டியலையே ஒருமுறை பாருங்கள். குடையைத் தவிர எல்லாப் பிழையும் முதலெழுத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. நீங்கள் தேடச் சொல்வதோ முதலெழுத்தை.

ஆங்கில ஃபோனிக்ஸில் முதல் ஒலியை வைத்துத் தேடுவது பலிக்கும், அங்கே எந்த எழுத்தும் முதலில் வரும். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. லாரி, ரொட்டி, டப்பா எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. பிள்ளைகள் தடுமாறும் எழுத்துகளில் எதையும் உங்கள் வேட்டை தொடவே இல்லை.

இரண்டாவது, முழுச் சொல்லும் சுவரில் இருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்து வரைகிறது. எழுத்துக் கூட்டும் வேலை நடப்பதில்லை. "பூனை" என்று சுவரில் இருந்தால் இரண்டு சுழியா மூன்று சுழியா என்ற கேள்வியே அந்தப் பிள்ளைக்கு எழாது. மறைக்க வேண்டியது அட்டையை இல்லை, எழுத்தை.

இரண்டு வகை வேட்டை சொல்கிறேன். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது.

முதல் வகை, படித்துவிட்டுப் போவது. குடை ஒன்றும் கூடை ஒன்றும் வகுப்பில் இரு மூலைகளில் இருக்கட்டும். நிஜப் பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. கையில் இருக்கும் சீட்டில் "குடை" என்று இருக்கிறது. சரியாகப் படித்த ஜோடி குடையிடம் போகும். அங்கே அடுத்த சீட்டின் சொல் இருக்கும். தவறாகப் படித்தால் கூடையிடம் போய் நிற்கும். அங்கே "மறுபடி சத்தமாகப் படி" என்று மட்டும் இருக்கும். பிழையைக் காட்ட நீங்கள் வர வேண்டியதில்லை, கூடையே காட்டிவிடும்.

16 பேருக்கு 8 ஜோடி, 8 சொல், அதற்கு 8 எதிர்ச்சொல். சொற்கள் இவை: குடை (எதிரே கூடை), பட்டம் (படம்), பல் (பால்), மூடி (முடி), கடை (கட்டை), பள்ளி (பல்லி), புலி (புளி), மழை (மலை). சரியான விடை எப்போதும் நெடிலாகவோ எப்போதும் இரட்டிப்பாகவோ இருந்துவிடக் கூடாது. மூன்றாவது நிறுத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு படிக்க மாட்டார்கள். அதனால்தான் ஒரு இடத்தில் குறில், ஒரு இடத்தில் நெடில் என்று கலைத்திருக்கிறேன்.

எட்டையும் ஒரு வட்டமாகக் கோத்துவிடுங்கள். குடையிடம் "பள்ளி" என்று இருக்கும், பள்ளிப் படத்திடம் "பல்", பல்லிடம் "மூடி", இப்படிப் போய் எட்டாவது படம் மறுபடி "குடை" என்று சொல்லும். ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு தொடக்கச் சீட்டு. எல்லாரும் ஒரே இடத்தில் குவியும் சிக்கல் இத்தோடு தீர்ந்தது. 16 படங்களுக்கும் வரிசையில்லாமல் ஒவ்வோர் எண் போட்டுவிட்டு, நின்ற இடத்தின் எண்ணை மட்டும் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். சரியான வட்டம் 3, 11, 7, 14, 1, 9, 16, 5 என்றால், எங்கே தொடங்கியிருந்தாலும் அந்த வரிசைதான் வரும். ஒரு பார்வையில் திருத்திவிடலாம். சீட்டைக் கையோடு எடுத்துப் போகவிடாதீர்கள். மூன்றாவது ஜோடி வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

இரண்டாம் வகை, எழுத வைப்பது. தாளும் பென்சிலும் மேசையை விட்டு நகரக் கூடாது. ஒருவர் நடந்துபோய்ப் படத்தை மட்டும் பார்க்கிறார், சொல்லை வாயில் சுமந்துகொண்டு வருகிறார், மேசையில் இருப்பவரிடம் சொல்கிறார், அவர் எழுதுகிறார். அடுத்த படத்துக்கு ஆள் மாறும். ஒரே விதிதான்: சொன்னவர் எழுதக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் எழுதிவிடுவது அதோடு நின்றுவிடும். வரும் வழியெல்லாம் "கரண்டி, கரண்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார்களே, பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

நேரக் கணக்கு: விளக்க 4 நிமிடம், 8 படத்துக்குத் தலா 2 நிமிடம் என்று 16, மிச்சம் 10 நிமிடம் பலகையில் சரிபார்க்க. அந்த 10 நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேட்டை நீண்டால் இரண்டு படத்தைக் குறையுங்கள்.

தாளில் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று போடும் பழக்கம் உண்டு. சங்கு என்றால் மூன்று கட்டம், புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம். புள்ளியை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இது உதவும். ஆனால் படம், பட்டம் மாதிரி இரட்டிப்பைச் சோதிக்கும் நாளில் கட்டம் போடாதீர்கள். நான்கு கட்டம் இருந்தாலே ட் உண்டு என்று தெரிந்துவிடும். அன்றைக்கு வெறும் கோடு போதும்.

---

மூன்றுசுழி:

கரும்பலகை சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொற்தேர்வு.

தமிழ் எழுத்துப் பிழைகளை மூன்று பையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காதால் பிடிக்கக்கூடியவை, விதியால் பிடிக்கக்கூடியவை, இரண்டாலும் முடியாதவை. ஒரு வேட்டைக்கு ஒரு பைதான். எல்லாவற்றையும் கலந்தால் எதைக் கற்றோம் என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

காதுப் பை: குறில் நெடில் (பல், பால்), ஒற்று இரட்டிப்பது (இலை, இல்லை). இவை சொல்லும்போதே கேட்கும். கைதட்டி, நீட்டிச் சொல்லிப் பழக்கினால் போதும்.

விதிப் பைதான் உங்கள் வகுப்புக்கு இப்போது தேவை. வண்டி, பந்து, மூன்று மூன்றிலும் பிள்ளையின் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே ஒலி. எந்த ன என்று காதைக் கேட்டுப் பயனில்லை, அடுத்த எழுத்தைக் கேட்க வேண்டும். அடுத்து ட வந்தால் ண். அடுத்து த வந்தால் ந். அடுத்து ற வந்தால் ன். நம் முன்னோர் எழுத்துகளுக்கு வைத்த பெயரிலேயே இது இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லிக்கொடுத்தால் உருவம் மட்டும்தான் தெரியும். பழைய பெயர் அடுத்த எழுத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பெயரை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். "ட-வுக்குப் பக்கத்து வீடு ண" என்று சொன்னாலே 8 வயதுக்குப் போதும். இதோடு, சொல்லின் முதலில் எப்போதும் ந தான். நரி, நாய், நூல், நண்டு.

இரண்டாம் வகை வேட்டைக்கு எட்டுப் படம்: வண்டி, நண்டு, கரண்டி, பந்து, சிலந்தி, மூன்று, கன்று, குன்று. கரண்டியையும் பந்தையும் நிஜமாகவே வைத்துவிடலாம். மூன்றுக்கு மூன்று விரல் படம் வேண்டாம், கை என்று எழுதிவிடுவார்கள். "3" என்று பெரிதாக எழுதிய அட்டை போதும்.

இந்த வேட்டையில் அன்பு, நண்பன், ஒன்பது, எண்பது ஆகியவற்றைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். ப-வுக்கு முன் ன், ண் இரண்டும் வரும், விதி கைவிட்டுவிடும். பாதியில் விதி உடைவதைப் பார்த்த பிள்ளை விதியையே நம்பாது.

ர, ற-வுக்கும் இரண்டு விதி உண்டு. இரட்டிப்பது ற மட்டும் (காற்று, வெற்றி), ர இரட்டிக்காது. சொல் முடிவது ர்-இல் (தேர், வேர்), ற்-இல் முடியாது. அதேபோல ழ இரட்டிக்காது. "ல்ல" போல் அழுத்திக் கேட்டால் ல்ல அல்லது ள்ள, ழ-வை யோசிக்கவே வேண்டாம்.

இனி மூன்றாவது பை: நரியா நறியா, பூனையா பூணையா, வாழையா வாளையா. வீட்டுப் பேச்சில் ழ-வும் ள-வும் கலந்துபோய்விட்டன, தனி ர-வும் ற-வும் கலந்துபோய்விட்டன. நடுவில் நிற்கும் ன-வுக்கும் ண-வுக்கும் விதி இல்லை. ஆசிரியர் தெளிவாகச் சொன்னால்கூடப் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பிரியும். இந்தப் பையைப் படம் பார்த்து எழுதும் வேட்டையில் வைப்பது அநியாயம். அந்தப் பிள்ளைக்கு விடையைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, ஊகிக்கத்தான் முடியும். இங்கேதான் கரும்பலகையின் முதல் வகை வேண்டும்: எழுதப்பட்ட சொல்லைப் பார்த்து, பொருளோடு சேர்த்து, படத்திடம் போய் நிற்பது. புலி, புளி. கரி, கறி. பல்லி, பள்ளி. கண்ணால் பலமுறை பார்த்தால்தான் இந்தப் பை நிரம்பும்.

திருத்தம் இதுதான். குடை, கூடை ஜோடியைப் படிக்கும் வேட்டையில் வைத்தால் பிரச்சினை இல்லை. எழுதும் வேட்டையில் வைத்தால் "கொடை" வரும். காரணம் சோம்பல் இல்லை. பேச்சுத் தமிழில் முதலெழுத்தில் இருக்கும் குறில் இ, உ இரண்டும், அடுத்த எழுத்து அ அல்லது ஐ என்று முடிந்தால், எ-வாகவும் ஒ-வாகவும் மாறிவிடும். இடம் "எடம்", இலை "எல", விலை "வெல", குடை "கொட", உலகம் "ஒலகம்". நடுவில் ஒற்று இரட்டித்தால் மாறாது. இல்லை "இல்ல" தான், "எல்ல" ஆவதில்லை. பிள்ளை தன் காதுக்கு நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறது. "வீட்டில் எப்படிச் சொல்வோம், எப்படி எழுதுவோம்" என்று பலகையில் இரண்டு வரிசை போட்டு ஐந்து சொல்லைப் பார்க்க வையுங்கள். பேச்சைத் தவறு என்று சொல்லிவிட வேண்டாம், அது வேறு சட்டை, இது வேறு சட்டை. மூன்று என்பதற்கும் இதே கதைதான்: வீட்டில் "மூணு". அதனால் நீங்கள் சொல்லும்போது எழுத்து வடிவத்தைத்தான் சொல்ல வேண்டும்.

---

தொ2_டீச்சர்:

மூன்று பை என்று பிரித்தது பெரிய உதவி. முதல் வேட்டைக்கு முன் விதியை எப்படி அறிமுகப்படுத்துவது? நேரே பலகையில் எழுதினால் அவர்கள் கண் ஜன்னல் பக்கம் போய்விடும்.

---

மூன்றுசுழி:

ஜோடிக்கு ஒரு வெள்ளி (டாலர்) காசு கொடுங்கள். எட்டு வெள்ளி போதும். அரசுச் சின்னம் இருக்கும் பக்கத்தைத் திருப்பி, அதில் தமிழ் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். சின்னத்தைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழியிலும் இருக்கும். தினமும் கையில் புழங்கும் காசில் தமிழ் இருப்பதைப் பல பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள். பூதக்கண்ணாடி இரண்டு மூன்று இருந்தால் சுற்றுக்கு விடலாம். பத்துக் காசு வேண்டாம், எழுத்து பொடியாகத் தெரியும்.

சிங்கப்பூர். சி, ங், க, ப், பூ, ர். ஆறு எழுத்து, அதில் மூன்றுக்குப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாடம். ங் ஏன் வந்தது? அடுத்து க. ப் ஏன் வந்தது? அடுத்து பூ, அழுத்திச் சொல்கிறோம். கடைசியில் ஏன் ர், ஏன் ற் இல்லை? சொல் ற்-இல் முடியாது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு "க-வுக்கு ங் துணை என்றால், ட-வுக்கு யார் துணை?" என்று கேட்டுவிட்டு வேட்டையைத் தொடங்குங்கள்.

ஆங்கில ஃபோனிக்ஸ் பழகிய பிள்ளை ஒன்று இங்கே கை தூக்கும்: சிங்கப்பூரில் வரும் க-வும் கல்லில் வரும் க-வும் ஒரே ஒலியாக இல்லையே, வேறு எழுத்து இல்லையா என்று. நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலிகள் நாற்பதுக்கு மேல், அதனால் அங்கே ஒலிக்கு ஒலி எழுத்துச் சேர்க்கை மாறும். தமிழில் எழுத்து அதேதான், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பார்த்து ஒலி மாறும். பச்சை, மஞ்சள், ஊசி மூன்றிலும் ச ஒன்றுதான், ஒலி மூன்று. சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அவர்களே சிரிப்பார்கள்.

---

டேப்பும்_கத்தரியும்:

பொருள் பக்கம் யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

சுவரை மறந்துவிடுங்கள். ஒட்டும் பசை சாயத்தைப் பெயர்க்கும், பெயர்க்காவிட்டால் எண்ணெய்க் கறை விடும், யாராவது புகார் செய்வார்கள். ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் கூடாரம் மாதிரி மடித்து மேசையிலும் ஜன்னல் விளிம்பிலும் நிறுத்துங்கள். 16 கூடாரத்துக்கு 8 தாள். முன்பக்கம் படமும் எண்ணும், பின்பக்கம் அடுத்த சொல். பின்பக்கத்தின் மேல் ஒரு துண்டுத்தாளைத் தொங்கவிட்டுத் துணி கவ்வியால் பிடித்துவிட்டால் உறையும் தேவையில்லை, சீட்டும் தொலையாது. வைக்க 3 நிமிடம், எடுக்க 1 நிமிடம். எல்லாம் ஒரு ஜிப் பையில் அடங்கும்.

80 கிராம் சாதாரணத் தாள் நிற்காது. நம் வகுப்பறைகளில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், ஜன்னல் திறந்திருக்கும். வேட்டை தொடங்கிய பத்தாவது விநாடியில் பாதிப் படம் தரையில் கிடக்கும், எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 160 கிராமுக்குக் குறையாத அட்டையாக எடுங்கள், அதற்கும் கவ்வி போடுங்கள், கவ்வியின் எடையே தாங்கும். லேமினேட் செய்தால் ஈரக்காற்றில் சுருளாது, ஆனால் ஜன்னல் ஓரத்தில் பளபளப்பு அடித்துப் படம் தெரியாது. ஜன்னல் பக்கம் வைப்பதை மட்டும் லேமினேட் செய்யாமல் விடலாம்.

எழுத்துரு மிக முக்கியம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். அலங்கார எழுத்துருக்களில் ன, ண சுழிகள் ஒட்டிக்கொண்டு எத்தனை சுழி என்றே தெரியாது. ர-வின் கீழ்வால் இல்லாத எழுத்துருவில் ர-வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும். ஔ-வைக் கையால் எழுதும்போது ஒ-வும் ள-வும் தனித்தனியாகப் போய்விடும். அச்சடிக்கும் முன் "ண ன ர கா கொ கோ கௌ" என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றாலோ புள்ளிவட்டம் வந்தாலோ அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது. வீட்டில் சரியாகத் தெரிந்தது பள்ளி அச்சுப்பொறியில் உடைவதும் உண்டு, அதனால் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள்.

எழுத்துச் சில்லுகளை ஒளித்துவைத்துச் சொல் கோக்கும் விளையாட்டும் செய்வார்கள். செய்தால் முழு உயிர்மெய்யாக வெட்டுங்கள்: கொ ஒரு சில்லு, டி ஒரு சில்லு. கொம்பையும் காலையும் தனியாக வெட்டினால், சொல்லும்போது பின்னால் வரும் ஒலிக்கு எழுதும்போது கொம்பு ஏன் முன்னால் வருகிறது என்று விளக்குவதிலேயே பாடவேளை போய்விடும்.

---

சிவப்புமை:

எல்லாம் சரி. 30 நிமிடத்தில் 8 சொல். அதே நேரத்தில் இரண்டு முறை சொல்வதெழுதுதல் வைத்துத் திருத்தியும் கொடுத்துவிடலாம். வேட்டையால் பயன் உண்டு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

---

கரும்பலகை:

நியாயமான கேள்வி. வாரா வாரம் வரும் சொற்பட்டியலைப் பழக்க வேட்டை வேண்டாம், அதற்குச் சொல்வதெழுதுதலே போதும். புதிய விதி ஒன்றைத் தொடங்கும்போது ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. அவ்வளவுதான்.

பயனைப் பார்க்க வழி இருக்கிறது. அடுத்த பாடத்தில் 12 சொல் சொல்லுங்கள். 8 வேட்டையில் வந்தவை, 4 வராதவை, ஆனால் அதே விதி: பூண்டு, முந்திரி, ஒன்று, தென்றல். எட்டும் சரி, நான்கும் தவறு என்றால் பிள்ளை படத்தை மனப்பாடம் செய்திருக்கிறது, விதி ஏறவில்லை. அப்போது மறுபடி வேட்டை நடத்தாதீர்கள், காசை எடுங்கள். நான்கும் சரியாக இருந்தால் அந்த விதியை இனிச் சொற்பட்டியலில் தேய்க்க வேண்டியதில்லை, நேரம் மிச்சம். திருத்தும்போது மதிப்பெண்ணை மட்டும் குறிக்காமல், தவறு எந்தப் பையில் விழுந்தது என்று ஓரத்தில் கா, வி, ம என்று ஓர் எழுத்துப் போட்டுவையுங்கள். ம என்றால் மனத்தில் நிறுத்த வேண்டியது. ஒரு தவணை முடிவில் அந்த எழுத்துகளை எண்ணினாலே எந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும்.

---

சிவப்புமை:

வராத நான்கு சொல் என்பது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். தொடக்கநிலை 4-க்கும் இதே முறையில் "முயற்ச்சி", "பயிற்ச்சி" பிழையைப் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. ட், ற் பின்னால் இன்னோர் ஒற்று வராது: காட்சி, பயிற்சி. ய், ர், ழ் பின்னால் வரும்: காய்ச்சல், பார்க்க, வாழ்த்து. ஐந்து ஐந்து சொல்லாக இரண்டு மூலையில் வைத்து, ஒற்று இல்லாத சீட்டைக் கொடுத்து எந்த மூலை என்று போகச் சொன்னால் போதும்.

---

யீஷூன்_அப்பா:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். மகள் தொடக்கநிலை 2. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, மூன்றறை, ஓடியாட இடம் இல்லை. வீட்டில் செய்ய முடியுமா? எனக்கு ழ, ள உச்சரிப்பு சுமார்தான்.

---

மூன்றுசுழி:

சமையலறை போதும் சார். மெல்லினப் பாடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வெங்காயம், தேங்காய், பெருங்காயம்: ங்க. இஞ்சி, மஞ்சள்: ஞ்ச. பூண்டு, கரண்டி: ண்ட. வெந்தயம், முந்திரி: ந்த. கிராம்பு, சாம்பார்ப் பொடி: ம்ப. ன்ற மட்டும் கிடைக்காது. அதற்கு "மூன்று பூண்டு எடு, ஒன்று வைத்துவிடு" என்று எழுதிய சீட்டு.

ஒட்டும் சிறு தாள்களில் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்று எழுதிக்கொடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு. பொருளைத் தேடி அதன்மேல் அவள் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு முழுச் சொல்லையும் அதே தாளில் எழுத வேண்டும். பொட்டலத்தில் தமிழில் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். 10 நிமிடம் போதும். இவை எல்லாம் விதிப் பை, உங்கள் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் கெடுக்காது. ழ, ள-வை வீட்டில் காதால் சோதிக்காதீர்கள். வாழைப்பழத்தின்மேல் "வாழைப்பழம்" என்று நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள், தின்னும்போதெல்லாம் பார்க்கட்டும்.

---

தொ2_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். வீட்டில் தமிழ் பேசும் ஜோடி 6 நிமிடத்தில் முடித்துவிடும், மற்றவர்கள் மூன்று படத்தோடு நின்றுவிடுவார்கள். அப்புறம், கட்டை படத்தைப் பார்த்தால் "மரம்" என்றுதான் சொல்வார்கள். நரியை நாய் என்பார்கள்.

---

கரும்பலகை:

முதலில் முடித்தவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள், அதுதான் ஓட்டத்துக்கும் கிறுக்கலுக்கும் காரணம். மணி அடிக்கும்போது நிறுத்தம், சரியான சொல்லுக்கு ஒரு புள்ளி, யார் எத்தனை முடித்தார் என்ற கணக்கு வேண்டாம். சீக்கிரம் முடித்த ஜோடிக்கு உங்கள் மேசையில் இன்னொரு சீட்டு: குடையும் கூடையும் ஒரே வாக்கியத்தில், புலியும் புளியும் ஒரே வாக்கியத்தில். எழுதிப் பார்க்கட்டும், சிரிப்பாக வரும். தமிழ் பேசும் பிள்ளையை இன்னொரு தமிழ் பேசும் பிள்ளையோடு சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். எட்டு ஜோடியிலும் ஒருவருக்காவது சொல் தெரிந்திருக்க வேண்டும்.

---

மூன்றுசுழி:

படம்: வேட்டைக்கு முந்தின பாடத்தின் கடைசி 3 நிமிடத்தில் 16 கூடாரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, பெயரை எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும். எழுத்தைக் காட்ட வேண்டாம், வாயால் மட்டும். அப்போதும் இரண்டு பெயர் வருகிற படத்தை எடுத்துவிடுங்கள். கடை, கட்டை ஜோடி சரிப்படாவிட்டால் அடை, அட்டை போடலாம். அட்டைக்கு வெறும் அட்டையையே நிறுத்திவிடலாம், அடைக்குத் தோசை என்று சொல்லாமல் இருந்தால் சரி. நரிக்கு வால் பெரிதாகத் தெரியும் படமாகப் பாருங்கள்.